பக்கத்து வாங்குப் பிள்ளை: சகபாடி உளவளத்துணைக்கு ஓர் எளிய அறிமுகம்

“இவனுக்கு ஒருக்கா கவுன்சிலிங் குடுத்து விடுங்கோ மிஸ். சொல்லுறது ஒண்டும் கேக்கிறான் இல்லை.”

வெள்ளவத்தைச் சந்தையில் பாரைக்கு விலை கேட்டுக்கொண்டு நின்ற என்னிடம் ஒரு தாய் இப்படிச் சொன்னார். பக்கத்தில் நின்ற பையன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். தாயைக் குறை சொல்ல முடியாது. இந்த ஊரில் அந்தச் சொல் அப்படித்தான் புழங்குகிறது. பிந்தி வந்தால் கவுன்சிலிங், காதல் கடிதம் பிடிபட்டால் கவுன்சிலிங், கணக்கில் 30 எடுத்தால் கவுன்சிலிங். ஏச்சுக்கும் பிரம்புக்கும் இடைப்பட்ட ஒரு தண்டனை என்றே பல பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு முன்னால் ‘சகபாடி’ என்பதையும் சேர்த்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகிறது. “பதினாலு வயதுப் பிள்ளைக்குப் பதினைஞ்சு வயதுப் பிள்ளை புத்தி சொல்லுறதோ?” என்று பெற்றார் கேட்கிறார்கள். “சின்ன டொக்டர்மார் வந்துட்டாங்க” என்று ஆசிரியர் ஓய்வறையில் சிரிப்பு எழுகிறது. இதை நடத்துகிறவர்களின் பதாகைகளைப் பார்த்தால் இரண்டு நாள் பயிற்சியில் பாடசாலையே தலைகீழாக மாறிவிடும்போல இருக்கும். மூன்று தரப்பும் பேசுவது வேறு வேறு பொருளைப் பற்றி என்பதுதான் என் சந்தேகம்.

கொழும்பு என்றதும் காலி வீதியும் கொட்டாஞ்சேனையும் மட்டுமே நினைவுக்கு வருபவர்களுக்கு ஒரு தகவல்: புறக்கோட்டையில் 122 பஸ்ஸில் ஏறினால் அதே கொழும்பு மாவட்டத்துக்குள்ளேயே இறப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்குப் போய்ச் சேரலாம். ஹங்வெல்ல, பாதுக்க, அவிசாவளைப் பக்கம். விடியற்காலையில் பால் வெட்டப் போன பெற்றாரின் பிள்ளைகள் படிக்கும் இடங்கள். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் இந்தப் பயிற்சியை நடத்தப் போய்வருகிறேன். அங்கே கற்றுக்கொண்டதையும் மற்ற நாடுகளின் ஆய்வுகளில் வாசித்ததையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஒரே காரியத்துக்கு நாலு பெயர்

‘கவுன்சிலிங்’ என்பதற்கு நம் நாட்டுத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. அரசாங்க ஆவணங்களில் உளவளத்துணை. பாடசாலையில் ஆலோசனை. வடக்கில் சீர்மியம் என்பார்கள். ஆற்றுப்படுத்தல் என்றும் சொல்வதுண்டு. எனக்குப் பிடித்தது கடைசிச் சொல்தான், காரணமும் உண்டு.

ஆறு என்றால் வழி. வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்தல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் கதை ஒன்றுதான்: வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன், வாடிய முகத்தோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனைக் காண்கிறான். நானும் உன்னைப்போல இருந்தவன்தான், இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் தண்ணீர் கிடைக்கும், இன்னாரைப் போய்ப் பார் என்கிறான்.

இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வழி சொல்பவன் அதே தொழில்காரன், அதே பசியை அறிந்தவன். அவன் தன் மடியிலிருந்து பொன் எடுத்துக் கொடுக்கவில்லை. பரிசு தரக்கூடியவர் வேறொருவர். அவர் எங்கே இருக்கிறார், எப்படிப் போவது என்பதுதான் இவனுக்குத் தெரியும். சகபாடி உளவளத்துணை என்று நாம் புதிதாக இறக்குமதி செய்ததாக நினைக்கும் விடயத்தின் எலும்புக்கூடு முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறது.

இனி வரைவிலக்கணம். சகபாடி என்றால் கூடப் படிப்பவர், வயதும் சூழலும் ஒத்தவர். பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர், பொறுப்பான ஒரு பெரியவரின் மேற்பார்வையில், சகமாணவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டு, தேவைப்பட்டால் சரியான பெரியவரிடம் கூட்டிச் செல்வதே சகபாடி உளவளத்துணை. இதில் சிகிச்சை கிடையாது. புத்திமதி கிடையாது. தீர்ப்பும் கிடையாது.

முதலில் யாரிடம் சொன்னீர்கள்?

உங்கள் பதினாலாம் வயதுக்குப் போங்கள். மனதை அரித்த ஒன்றை முதன்முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அதிபரிடமா? அப்பாவிடமா? பயிற்சிகளில் இந்தக் கேள்வியை ஆசிரியர்களிடமே கேட்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏறக்குறைய எல்லோரும் ஒரு சிநேகிதியின், ஒரு நண்பனின் பெயரைத்தான் சொல்வார்கள். சிலர் “யாரிடமும் சொல்லவில்லை” என்பார்கள். அந்தச் சிலரைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன்.

ஆக, பிள்ளைகள் ஏற்கெனவே பிள்ளைகளிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாம் புதிதாக எதையும் தொடங்கி வைக்கவில்லை. கேட்கிற பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். “அத விடுடி” என்று பேச்சை மாற்றும், அல்லது பயந்துபோய் இன்னும் நாலு பேரிடம் சொல்லும்.

மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு, 14 வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அதாவது தரம் 9 முடிவதற்கு முன்பே. அந்த வயதில் ஒரு தோட்டப் பாடசாலைப் பிள்ளையைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் இருப்பார். அவரே விஞ்ஞானமும் எடுப்பார், விளையாட்டுப் போட்டிக்கும் பொறுப்பாக இருப்பார். தாய் மத்திய கிழக்கில் இருக்கலாம். மனநல கிளினிக் ஆதார வைத்தியசாலையில். அங்கே போவதென்றால் தகப்பனுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். அருகில் தினமும் இருப்பது பக்கத்து வாங்குப் பிள்ளை மட்டும்தான்.

சுருங்கச் சொன்னால்: பிள்ளைகள் தங்களுக்குள் பேசுவது இயல்பாகவே நடக்கிறது. கேட்கும் பிள்ளைக்குக் கொஞ்சம் திறமையும், பின்னால் ஒரு பெரியவரும் இருக்கும்படி செய்வதே இந்தத் திட்டம்.

கேட்பதும் ஒரு வேலைதான்

பாடசாலை விளையாட்டுப் போட்டியில் முதலுதவிக் குழுப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டத்தில் விழுந்தவனின் முழங்காலைக் கழுவி, துணி கட்டி, தேவையென்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆள் கூப்பிடுவார்கள். எலும்பு முறிந்திருந்தால் அதை நேராக்கப் பார்க்க மாட்டார்கள். தொடக்கூடாது என்பதே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

மனதுக்கும் முதலுதவி இருக்கிறது. பேரிடர் நேரங்களில் களத்தில் இறங்குபவர்களுக்காக உலக சுகாதார அமைப்பு 2011இல் ஒரு கைந்நூல் வெளியிட்டது. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணை. பயிற்சியிலும் இதையேதான் பிடித்துக்கொள்கிறோம். மூன்றும் எப்படி இருக்கும் என்பதற்கு நாங்கள் நடிக்க வைக்கும் ஒரு காட்சி. தரம் 9இல் இரண்டு பிள்ளைகள், இடைவேளை:

“என்னடி, ரெண்டு நாளா சாப்பாட்டுப் பெட்டியத் தொறக்கவே இல்ல?”

“பசிக்கல.”

“ம்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“அம்மா குவைத்துக்குப் போகப் போறாங்களாம். தம்பிய யாரு பாக்குறதுன்னு தெரியல. என்னைய ஸ்கூல்ல இருந்து நிப்பாட்டிருவாங்களோன்னு...”

“அம்மா போனா உன் படிப்பு நின்னுருமோன்னு பயமா இருக்கு.”

“ஆமா. அப்பாகிட்ட கேட்டா ஒண்ணுமே பேச மாட்டேங்குறாரு.”

“இத மிஸ்கிட்ட சொல்லுவமா? நானும் கூட வரேன்.”

சாப்பாட்டுப் பெட்டியைக் கவனித்தது ‘பார்’. அடுத்து வந்த அந்த “ம்” தான் முழுப் பயிற்சியிலும் கடினமான எழுத்து. பசிக்கவில்லை என்றதும் “சாப்பிடாம இருந்தா மயக்கம் வரும்டி” என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். அப்படிச் சொல்லியிருந்தால் பேச்சு சோற்றைப் பற்றிப் போயிருக்கும், குவைத் வெளியே வந்திருக்காது.

அடுத்து, அந்தப் பிள்ளை சொன்னதையே தோழி தன் வார்த்தையில் திருப்பிச் சொன்னாள். இதற்கு எதிரொலித்தல் என்று பெயர்: கேட்ட விடயத்தையும் அதிலுள்ள உணர்வையும் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிக் கொடுப்பது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இப்படிப்பட்ட கேட்டலை உளவளத்துணையின் மையத்தில் வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் கிளிப்பிள்ளை வேலை மாதிரித் தெரியும். உள்ளே நடப்பது வேறு. இரண்டு நாளாக வயிற்றில் உருவமில்லாமல் புரண்டுகொண்டிருந்த ஒன்றுக்கு ‘பயம்’ என்று ஒரு பெயர் கிடைக்கிறது. உணர்வுக்குப் பெயர் வைக்கும்போது அதன் வேகம் சற்றுத் தணிவதை மூளையைப் படம்பிடித்துச் செய்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

கடைசி வரி ‘இணை’. “மிஸ்கிட்ட போய்ச் சொல்லு” என்று அவள் சொல்லவில்லை, “நானும் கூட வரேன்” என்றாள். கட்டாயக் கல்வி 16 வயது வரை என்ற சட்டம் அவளுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதும் தெரிந்திருக்கத் தேவையில்லை. அதெல்லாம் மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டியவை. மிஸ்ஸின் மேசை வரைக்குமான இருபதடி தூரம்தான் அவளுடைய பொறுப்பு. அந்த இருபதடியைத் தனியாக நடக்க முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர்.

பயிற்சியில் ஒரு விளையாட்டு வைப்போம். இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் வாயே திறக்காமல் கேட்க வேண்டும். கேள்வி கேட்கக்கூடாது, “எனக்கும் இப்படித்தான்” என்று தன் கதையைத் தொடங்கக்கூடாது. ஆசிரியர்களால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தைத் தாண்ட முடிவதில்லை. நானும் முதல் தடவை தோற்றவள்தான்.

தொழில்முறைப் பட்டம் இல்லாதவர்களும் பயிற்சியோடு இதைச் செய்யலாம் என்பதற்குக் கொழும்பிலேயே சான்று உண்டு. சுமித்ரயோ அமைப்பின் தொண்டர்கள் 1974 முதல் மனமுடைந்து வருபவர்களின் பேச்சை இப்படித்தான் கேட்டு வருகிறார்கள். அவர்கள் தங்களை வைத்தியர்கள் என்று சொல்லிக்கொள்வதில்லை, தோழமை தருபவர்கள் என்றுதான் சொல்வார்கள்.

அசைபோடும் ஆபத்து

இந்த இடத்தில் ஒரு கசப்பான விடயம். பேசினால் பாரம் குறையும் என்பது எப்போதும் உண்மையில்லை. அமெரிக்க ஆய்வாளர் அமண்டா ரோஸ் 2002இல் ஒன்றைக் கவனித்து எழுதினார்: இரண்டு நண்பர்கள் ஒரே துயரத்தைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டே இருந்தால் நட்பு இறுகுகிறது, கூடவே மனச்சோர்வும் ஏறுகிறது. இதைக் கூட்டாக அசைபோடுதல் என்று சொல்லலாம். மாடு அசைபோட்டால் செரிக்கும். துயரம் அப்படிச் செரிப்பதில்லை.

பயிற்சி இல்லாத நட்புக்கும் பயிற்சி பெற்ற சகபாடிக்கும் வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. அதே கதை மூன்றாவது முறை வந்தால் அது ‘இணை’ என்பதற்கான மணியோசை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கேட்பவருக்கும் பாரம் ஏறும். அதனால் மேற்பார்வைக் கூட்டம் கட்டாயம்: பொறுப்பாசிரியரோடு குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, யார் என்ற பெயர் தேவையில்லாவிட்டால் பெயர் சொல்லாமல், என்ன கேட்டோம், எங்கே தடுமாறினோம் என்று பேசுவது. பயிற்சிக்கு மேடை போட்டுச் சான்றிதழ் கொடுத்துவிட்டு மேற்பார்வையை மறந்த திட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்வதைவிடத் தொடங்காமலே இருக்கலாம்.

இரகசியத்துக்கு ஒரு வேலி

“யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.” இதற்கு என்ன பதில்? எல்லாப் பயிற்சியிலும் வாக்குவாதம் சூடு பிடிப்பது இங்கேதான்.

சத்தியம் பண்ணக்கூடாது என்பதே பதில். நீ சொல்வதை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிய மாட்டேன், ஆனால் மூன்று விடயம் வந்தால் என்னால் தனியாக வைத்திருக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தன்னைத் தானே காயப்படுத்தும் அல்லது உயிரை விடும் எண்ணம் ஒன்று. இன்னொருவரைக் காயப்படுத்தும் எண்ணம் இரண்டு. யாரோ அந்தப் பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்பது மூன்று. இம்மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே, மணி அடிப்பதற்குள், ஒரு பெரியவருக்குத் தெரிய வேண்டும். அதுவரை அந்தப் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது.

உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற பயம் பெரியவர்களிடமும் உண்டு. அக்கறையோடு நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. கேட்டதால் ஆறுதல் அடைந்தவர்களே அதிகம். ஆனாலும் அந்தக் கேள்வியையும் அதன் பின்னான முடிவுகளையும் ஒரு மாணவியின் தலையில் ஏற்றக்கூடாது. அவளுடைய பொறுப்பு கூட்டிச் செல்வதோடு முடிகிறது.

பாடசாலையில் பெரியவர் எவரையும் நம்ப முடியாத நிலை வந்தால்? துன்புறுத்துபவரே ஒரு பெரியவராக இருந்தால்? அதற்காகத்தான் இரண்டு இலக்கங்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுத வைக்கிறோம். 1929, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவசத் தொலைபேசி, தமிழிலும் பேசலாம். 1926, தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

யாரைத் தெரிவு செய்வது: நான் செய்த பிழை

என் முதல் பாடசாலையில் அதிபர் ஒரு பட்டியலைக் கையில் தந்தார். இருபது பேரும் மாணவத் தலைவர்கள். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத பிள்ளைகள். பயிற்சி மிக நன்றாக நடந்தது. மூன்று மாதம் கழித்துப் போனபோது ஒருவர்கூட அவர்களிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஏன் என்று தரம் 10 பையன் ஒருவனிடம் கேட்டேன். “அவங்ககிட்ட சொன்னா அடுத்த பாடத்துக்கு முன்னாடி சேருக்குத் தெரிஞ்சிரும் மிஸ்” என்றான். பிந்தி வருபவர்களின் பெயரை எழுதும் அதே கையிடம் யார் மனதைக் கொடுப்பார்கள்?

பிறகுதான், கேட்பதற்கு எளிதான ஒரு வழியை வேறொரு நாட்டில் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள் என்று வாசித்தேன். வேல்ஸிலும் மேற்கு இங்கிலாந்திலும் 59 பாடசாலைகளில் நடந்த ஆய்வு அது. முடிவுகள் 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாகின. நோக்கம், 12, 13 வயதுப் பிள்ளைகள் புகைக்கத் தொடங்குவதைத் தடுப்பது. ஆசிரியர்கள் யாரையும் தெரிவு செய்யவில்லை. நீ யாரை மதிக்கிறாய், யார் பேச்சுக்கு மற்றவர்கள் காது கொடுக்கிறார்கள் என்று மாணவர்களிடமே எழுதி வாங்கினார்கள். அதிகம் பெயர் வந்தவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. மேடை, சொற்பொழிவு எதுவும் இல்லை. பத்து வாரம் பஸ்ஸிலும் சாப்பாட்டு மேசையிலும் வழக்கமான பேச்சுக்கு நடுவே புகைத்தலைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த இரண்டு ஆண்டுக் காலத்தில், இந்தத் திட்டம் இல்லாத பாடசாலைகளோடு ஒப்பிடுகையில் வழமையாகப் புகைப்பதற்கான வாய்ப்பு விகிதம் சுமார் 22 வீதம் குறைவாக இருந்தது.

இப்போது நாங்களும் சீட்டு எழுதித்தான் வாங்குகிறோம். வரும் பெயர்களைப் பார்த்து அதிபர்மார் நெற்றியைச் சுருக்குவதுண்டு. கடைசி வாங்கில் இருக்கும் குறும்புக்காரன், கிரிக்கெட் அணியில் பந்து வீசுபவள், கணக்கில் 18 எடுத்தாலும் எல்லோர் வீட்டுக் கதையும் தெரிந்தவள். கலவையாக வருவதுதான் நல்லது. ஆண், பெண், லயத்துப் பிள்ளை, கடைக்காரர் வீட்டுப் பிள்ளை எல்லோரும் இருக்க வேண்டும். ஒருவகைப் பிள்ளைகள் மட்டுமே இருந்தால் மற்றவகைப் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

சுகாதார விழிப்புணர்வு எங்கே வருகிறது?

மனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு ஏன் இரும்புச்சத்து மாத்திரைக்குப் போகிறோம் என்று கேட்கலாம். பிள்ளைகள் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று வருவதில்லை. தலையிடி, வயிற்றுக்குத்து, மாதவிடாய் என்றுதான் கதவைத் தட்டுவார்கள். உடலைப் பற்றிக் கேட்க வந்த பிள்ளைதான் ஐந்தாவது நிமிடத்தில் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கும்.

நம் நாட்டில் இதற்கான அடித்தளம் பழையது. பிரதேச மட்டத்தில் நோய் வருமுன் காக்கும் சுகாதார அலகு ஒன்று 1926இலேயே களுத்துறையில் தொடங்கிவிட்டது. அதன் வழிவந்த சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்துதான் பீ.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வருகிறார். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை. 200 பேருக்குக் குறைந்த சிறிய பாடசாலை என்றால் எல்லோருக்கும். வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை. 2017 முதல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி. சேவை இருக்கிறது. சேவைக்கும் பிள்ளைக்கும் நடுவில் வெட்கமும் வதந்தியும் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு பாடசாலையில் மாத்திரைகள் யன்னலுக்கு வெளியே பறந்துகொண்டிருந்தன. ஆசிரியர் இரத்தச்சோகையைப் பற்றி இரண்டு முறை பாடம் எடுத்தார். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதினார்கள், யன்னலுக்கு வெளியே மாத்திரைகள் கிடந்தன. காரணத்தைக் கண்டுபிடித்தது ஒரு சகபாடி. மாத்திரை குடித்தால் மலம் கறுப்பாகப் போகிறது. உள்ளே ஏதோ பழுதாகிவிட்டது என்று பிள்ளைகளுக்குப் பயம். இதை எந்தப் பிள்ளை எழுந்து நின்று ஆசிரியரிடம் கேட்கும்? கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால்தான், தீங்கில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தால் குமட்டலும் குறையும் என்று பீ.எச்.ஐ. சொன்னதை அவள் தன் வகுப்புக்குக் கொண்டுபோனாள். “எனக்கும் அப்படித்தான் போச்சு” என்று அவள் சேர்த்துக்கொண்ட ஒரு வரியின் பலம் எந்தப் பாடத்துக்கும் வராது. சோற்றோடு சேர்த்துப் பிளேன்டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் கழித்துக் குடி என்பதையும் சொல்லியிருக்கிறாள். தேயிலையும் இறப்பருமாக வாழும் குடும்பங்களில் இது சின்ன மாற்றமில்லை.

அடுத்தது மாவா. பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் சேர்த்துப் பிசைந்த கலவை. புகையற்ற புகையிலைப் பொருட்களின் விற்பனை 2016இல் தடை செய்யப்பட்டது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பதை 2006ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே தடுத்திருந்தது. இருந்தாலும் சிறிய பைகளில் கைமாறுகிறது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். இதையெல்லாம் படத்தோடு காட்டினால் பையன்கள் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு மைதானத்துக்குப் போவார்கள்.

ஏன்? மாவா கெடுதி என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. “எல்லாரும் போடுறாங்க” என்று நம்புவதுதான் அவர்களை இழுக்கிறது. நம் கூட்டத்தில் எது வழமை என்று நாம் நம்புகிறோமோ அதற்குச் சமூக நியமம் என்று பெயர். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பிழையாக இருக்கும். அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களின் மதுப் பழக்கத்தை ஆராய்ந்தபோது, மற்றவர்கள் எவ்வளவு குடிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் கூட்டியே மதிப்பிடுகிறார்கள் என்று 1986இலேயே எழுதிவிட்டார்கள். வகுப்பில் பெயரில்லாத சீட்டில் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நீ போடுவதுண்டா? வகுப்பில் எத்தனை பேர் போடுகிறார்கள் என்று நினைக்கிறாய்? இரண்டு விடைகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் வகுப்பில் ஒரு அமைதி விழும். புற்றுநோய்ப் படத்தால் வராத அமைதி அது. இந்தக் கணக்கைப் பெரியவர் சொன்னால் நம்ப மாட்டார்கள். தங்கள் கையாலேயே எண்ணினால் நம்புவார்கள்.

மறுபடி சுருக்கமாக: தகவல் கொடுப்பது பாடம். அந்தத் தகவல் ஏன் நடத்தையாக மாறவில்லை என்று கண்டுபிடித்து, அந்தத் தடையை ஒத்த வயதுக்காரர் மூலம் அகற்றுவது விழிப்புணர்வுப் பயிற்சி.

சரி, வேலை செய்கிறதா?

ஓரளவுக்கு. கிராமப்புறப் பாடசாலைகளுக்கு மிகவும் பொருத்தமான சான்று பீகாரின் நாலந்தா மாவட்டத்திலிருந்து வருகிறது. ‘சேஹர்’ என்ற பெயரில் 70க்கும் மேற்பட்ட அரசாங்க உயர்நிலைப் பாடசாலைகளில் நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2018இல் லான்செட்டில் வந்தன. சுகாதார விழிப்புணர்வு, மாணவர் குழுக்கள், சுவர்ப் பத்திரிகை, கேள்வி போடும் பெட்டி, தனி உளவளத்துணை எல்லாம் அதில் இருந்தன. சில பாடசாலைகளில் இதை ஆசிரியர்கள் நடத்தினார்கள். வேறு சிலவற்றில், உளவியல் பட்டம் இல்லாத, ஆனால் இதற்கென்றே பயிற்சி பெற்று அமர்த்தப்பட்ட உள்ளூர்க்காரர்கள் நடத்தினார்கள். பின்னவர்கள் நடத்திய இடங்களில் பாடசாலைச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் வம்புக்கு இழுத்தலும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். புள்ளி போடுபவரே மனதையும் கேட்க வேண்டும் என்றால் இரண்டு தொப்பியை ஒரே தலையில் வைப்பதாகிறது, அதுவும் ஏற்கெனவே நிரம்பி வழியும் நேரசூசியில். இது என் ஊகம், ஆனால் பார்த்துப் பார்த்து வந்த ஊகம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கே மாணவர் குழுக்கள் தனியாக விடப்படவில்லை, பின்னால் ஒரு முழுநேர ஆள் இருந்தார். சகபாடிகளை மட்டும் பயிற்றிவிட்டுப் பெரியவர் பதவியை வெறுமையாக விட்டால் இந்தப் பலன் வரும் என்று எங்கும் நிரூபணமாகவில்லை. சகபாடிக் கல்வியால் அறிவு கூடுகிறது என்பதை எளிதில் காட்டலாம், பழக்கம் மாறுகிறது என்பதைக் காட்டுவது கடினம். நிதி கேட்கும் அறிக்கைகளில் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல், மொழி. சங்கிலியின் கடைசிக் கண்ணி தமிழ் பேசாவிட்டால் முன்னால் உள்ள கண்ணிகள் எல்லாம் வீண். ஒருமுறை ஒரு பிள்ளையையும் தாயையும் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனபோது அன்றைக்குத் தமிழ் தெரிந்தவர் யாரும் பணியில் இல்லை. தன் வீட்டுக் கதையைத் தாய் சொல்லச் சொல்ல, அந்தப் பிள்ளையே அதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பயிற்சி தொடங்குவதற்கு முன் முதல் மாதம் முழுக்க ஒரே வேலைதான் செய்கிறேன்: எந்த நாளில் எந்த இடத்தில் தமிழில் பேசக்கூடியவர் இருப்பார் என்று விசாரித்து ஒரு தாளில் எழுதுவது. அந்தத் தாள் நிரம்பாவிட்டால் பயிற்சியைத் தள்ளிப் போடுவேன்.

பெட்டி

நாலந்தாவில் வைத்ததைப்போல ஒரு கேள்விப் பெட்டியை ஒரு பாடசாலையில் நாங்களும் வைத்தோம். பழைய பிஸ்கட் தகரம், மேலே ஒரு பிளவு, ஒரு சின்னப் பூட்டு. திறப்பு பொறுப்பாசிரியரிடம். பெயர் எழுதத் தேவையில்லை. விடைகள் வெள்ளிக்கிழமை சுவர்ப் பத்திரிகையில் வரும்.

முதல் வாரம் திறந்தபோது மூன்று டொபித் தாள், கணக்கு சேரின் கேலிச்சித்திரம் (நன்றாகவே வரைந்திருந்தார்கள்), என் சாரியைப் பற்றி ஒரு விமர்சனம். அடியில், நாலாக மடித்த ஒரு கொப்பித் தாள்: ‘எனக்கு 14 வயசு. இன்னும் பெரியபிள்ளை ஆகல. எனக்கு ஏதும் வருத்தமா?’

பீ.எச்.ஐ.யோடும் குடும்பநல உத்தியோகத்தரோடும் பேசி, சகபாடிகள் தங்கள் கையெழுத்திலேயே விடை எழுதி ஒட்டினார்கள். 14 வயதிலும் மாதவிடாய் வராமல் இருப்பது பலருக்கு இயல்பு, 15 முடிந்தும் வராவிட்டால் ஒருமுறை வைத்தியரைப் பார்ப்பது நல்லது, தனியாகப் போகப் பயமென்றால் எங்களில் யாரையாவது கூப்பிடு என்று.

அடுத்த வாரம் டொபித் தாள் இல்லை. இரண்டு சீட்டு இருந்தன, இரண்டும் வேறு வேறு கையெழுத்து. இரண்டிலும் ஒரே ஒரு சொல்தான்: ‘எனக்கும்.’